ஹேர்னியா என்று நான் சொன்ன நோய்

அன்பு மகனுக்கு,

நிச்சயதார்த்தம் முடிந்து நீ கொழும்புக்குப் பஸ் ஏறி இன்றைக்குப் பதினொரு நாள். அம்மாவோடு தினமும் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லை. கேட்காததில் நியாயம் இருக்கிறது. தொலைபேசியில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். மாத்தளையில் மழை பெய்ததா இல்லையா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவனுக்கு, சொல்லப்போவதை முதலில் எண் போட்டு வைத்தால்தான் கை ஓடும்.

1. நீ பிறந்த முதல் இரண்டு மாதத்தில் நான் கண்டும் சொல்லாமல் விட்டது.
2. உன் வயிற்றில் உள்ள தழும்பைப் பற்றி உனக்கே நான் சொன்ன பொய்.
3. அந்தப் பொய்யால் கொழும்பு ஆஸ்பத்திரியில் வீணாய்ப் போன நாட்கள். இனி நீ கவனிக்க வேண்டியவை.
4. நிச்சயதார்த்தத்தில் அதே பொய்யை மறுபடியும் சொன்னது.
5. நீயும் உனக்கு நிச்சயித்த தர்ஷினியிடம் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாய் என்பது. அந்தப் பயத்தை உனக்குள் வைத்தவன் நான் என்பதால், நானே போய் அவள் வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்பது.

இதைப் பார்த்துவிட்டு அம்மா, "மகனுக்கு எழுதுறீங்களா, கச்சேரிக்கு எழுதுறீங்களா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் எனக்கு ஒரே முறைதான் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தக் கடிதம் முதலில் உன் கைக்குத்தான் வரும். படித்துவிட்டு நீ சரி என்று சொன்னால் மட்டும், இப்படியொரு பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் வேறு தகப்பன்மாரும் படிக்கட்டும். நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு நிற்கட்டும்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து நீ பிறந்தாய். பிறந்த மூன்றாம் நாள் கண் மஞ்சளித்தது. பிள்ளைகளுக்கு வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் முற்றத்தில் பாயைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் பத்து நிமிடம் அந்தப் பக்கம் பத்து நிமிடம் என்று உன்னைக் கிடத்தினேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு, பால் குடித்த நேரம், சிறுநீர், மலம், நித்திரை என்று எழுதி வந்தேன். இரண்டு கிழமைக்கு மேல் மஞ்சள் நின்றால் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் மூன்றாம் கிழமை அம்மா உன் துணியை விரித்துக் காட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இங்க பாருங்க, பிள்ளைக்கு வெள்ளையாப் போகுது. சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கு" என்றாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கொப்பியில் நிறம் என்று புதிதாக ஒரு கோடு போட்டேன்.

அதுதான் என் முதல் பிழை, மகன். கச்சேரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபைல் நிறையாமல் அதை மேலதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. அரைகுறையாய்க் கொண்டுபோனால் அவர் ஒரு கேள்வி கேட்பார், பதில் இருக்காது, எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டிவரும். அந்தப் பயத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் எழுதிப் பார்ப்போம், போதுமான விபரம் சேர்ந்ததும் டாக்டரிடம் வைப்போம் என்று நினைத்தேன். வெளிர் மஞ்சள், வெளிர், வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று பக்கம் நிரம்பியது. குடும்ப நல மருத்துவ மாது இடையில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து எல்லாம் சரிதானே என்று கேட்டார். நான் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சரி என்றேன். நிறை கூடுகிறதே, வேறென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் தடவை அவர் பின்பக்கம் கை கழுவப் போனபோது, அம்மா துவைக்கப் போட்டிருந்த துணியைக் கண்டுவிட்டார். எத்தனை நாளாய் என்று சிங்களத்தில் கேட்டார். கொப்பியை நீட்டினேன். தமிழ் தெரியாத அவருக்கும் ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை இறங்கி வருவது தெரிந்தது. கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். எழுதத் தெரிந்த உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லையே, ஐயா என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். அன்றைக்கே வாகனம் பிடித்து எங்களை ஏற்றி அனுப்பியவர் அவர்தான்.

ஈரலில் ஊறும் பித்தம் குடலுக்கு வந்து சேரும் குழாய் உனக்கு அடைபட்டுப் போயிருந்தது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் வெளுத்தது. அது இரத்தத்தில் தேங்கியதால் கண் மஞ்சளித்தது, சிறுநீர் சாயத் தண்ணீர் மாதிரிப் போனது. சத்திரசிகிச்சை வைத்தியர் உன் குடலில் ஒரு பகுதியை எடுத்து நேரே ஈரலோடு பொருத்தினார். பித்தம் இறங்கியது. நாலாம் நாள் உன் துணியில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு அம்மா அந்த வார்டில் எல்லாருக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். ஆனால் அந்த வைத்தியர் என்னிடம் ஒன்று சொன்னார். இந்த வேலையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்தால் நல்லது, எவ்வளவுக்கு முந்தியோ அவ்வளவுக்கு நல்லது, நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, தெரியாத தாய் தகப்பன் என்றுதான் நினைத்தார். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். காத்திருந்த அந்த நாட்களில் உன் ஈரல் இறுகிய இறுக்கம் இறுகினதுதான். நீ இன்றைக்குச் சுமக்கிற நோயில் ஒரு பங்கு பிறப்பில் வந்தது. ஒரு பங்கு என் கொப்பியில் இருந்து வந்தது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக இருந்தேன், அதை மறுக்கவில்லை. உனக்குக் கொழுப்புச் சத்து செரிக்காது, அதனால் அதில் கரைகிற விட்டமின்கள் உடம்பில் சேராது என்று சொன்ன நாளிலிருந்து ஒரு சொட்டும் தவறவில்லை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நீ அரிப்புத் தாங்காமல் இரண்டு காலையும் பிறாண்டி இரத்தமாக்கிய மாதங்களில் நகத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினேன். ஆனால் இது என்ன நோய் என்று உன்னிடம் சொல்லவில்லை. கிளினிக்கில் டாக்டர் பேசத் தொடங்கியதும் உன்னை அம்மாவோடு வெளியே வாங்கில் உட்கார அனுப்பிவிடுவேன். உனக்கு ஏழு வயதில், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, "அப்பா, இது என்ன கோடு?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டாய். ஹேர்னியா என்றேன். குழந்தையில் வெட்டி எடுத்தது, முடிந்துபோன விஷயம் என்றேன். நீ விழுங்கிய குளிசைகளுக்குச் சத்துக் குளிசை என்று பெயர் வைத்தேன். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் அடிபடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை விளையாட்டு மாஸ்டரிடம் ஆஸ்துமா என்று மாற்றிச் சொன்னேன். உனக்கு ஆஸ்துமா இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனாலும் நீ மைதானத்து ஓரத்தில் இருந்து மற்றப் பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதினாய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், நம் ஆட்களைப் பற்றி ஒரு பதில் வைத்திருந்தேன். ஈரல் நோய் என்றால் குடிகார வருத்தம் என்பார்கள், தொற்று என்பார்கள், நாளைக்கு ஒருத்தன் பெண் கொடுக்க மாட்டான். அம்மா இதற்கு ஒருநாளும் உடன்படவில்லை. "அவன் வயிறு. அவனுக்காவது தெரியட்டுமே" என்று எத்தனையோ தடவை சொன்னாள். பெரியவனானதும் சொல்வோம் என்று நான் தள்ளினேன். நீ பெரியவனாகும் வயதும் வந்தது. சிறுவர் கிளினிக்கில் இனி இங்கே பார்க்க முடியாது, பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள் என்று ஒரு கடிதம் தந்தார்கள். அதை வாங்கிக் கொப்பிக்குள் வைத்தேன். அந்த வருடம் உன் இரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தது. புது இடம், புது டாக்டர், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், உன்னையும் வெளியே அனுப்ப முடியாது. பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது, நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாய். கடிதம் கொப்பிக்குள்ளேயே இருந்தது. விட்டமின்களை மட்டும் மாதா மாதம் பார்சல் கட்டி அனுப்பினேன்.

அடுத்தது உனக்கே தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு இருபது வயது. வெள்ளவத்தை போர்டிங்கில் குளிர்காய்ச்சல். டெங்கு பரவியிருந்த நேரம் என்பதால் நீயும் டெங்கு என்றே நினைத்து, பெனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாய். காய்ச்சல் என்றால் உன் ஈரலுக்குள் பித்தக் குழாய்களில் கிருமி ஏறியிருக்கலாம், அன்றைக்கே ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் உனக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, முன்பு ஏதாவது சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். நீ நான் சொல்லித் தந்ததைச் சொன்னாய். டெங்கு வார்டில் இடமில்லாமல் தரையிலும் ஆட்கள் படுத்திருந்த நாட்கள் அவை, அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரிய டாக்டரம்மா உன் சட்டையைத் தூக்கிப் பார்த்து, மேல் வயிற்றில் குறுக்கே இவ்வளவு நீளத் தழும்பு ஹேர்னியாவுக்கு வராதே என்று சொல்லி, வீட்டு நம்பரைக் கேட்டார்.

நான் நீ பிறந்ததிலிருந்து எழுதி நிரப்பிய நாலு கொப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உன் கண் மறுபடியும் மஞ்சளாகியிருந்தது. டாக்டரம்மா நின்றபடியே கொப்பிகளைப் புரட்டினார், மருந்தை மாற்றச் சொன்னார், பிறகுதான் என்னைப் பார்த்தார். "இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க. இவருக்கு ஒரு வார்த்த சொல்லலையா?" என்றார். நீ கட்டிலில் இருந்து, "அப்பா, எனக்கே தெரியாம எனக்கு என்ன நோயப்பா?" என்று கேட்டாய். பதிலை அவர்தான் சொன்னார். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ அவரிடம் இரண்டு கேள்வி கேட்டாய், இரண்டும் புத்தியுள்ள கேள்விகள். என்னிடம் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தரச் சொன்னாய்.

இனி நீ கவனிக்க வேண்டியவற்றை நான் எழுதுவது, வழியை மறைத்தவனே வழி சொல்வதைப் போலத்தான். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சள், மலம் வெளுப்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, நாளை என்று தள்ளாதே. இரத்தமாக வாந்தி எடுத்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ ஒரு நிமிடமும் நிற்காதே, அது உணவுக் குழாயில் வீங்கிய நாளம் வெடித்ததாக இருக்கலாம். கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் தவணையை எதற்காகவும் தள்ளாதே. உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதே. பெனடோலுக்கும் அளவு கேட்டுக்கொள். குடிப்பவர்களோடு இருந்தாலும் நீ குடிக்காதே. உன் சத்திரசிகிச்சையின் உண்மையான பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள். ஒருநாள் ஈரலையே மாற்ற வேண்டிவரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதை முதலில் கேட்கும் ஆள் நீயாக இருக்க வேண்டும், நான் அல்ல.

இவ்வளவும் நடந்த பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். தர்ஷினியின் சம்பந்தம் வந்தபோது உன் உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் அப்பா யட்டவத்தையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற மனிதர், நேரான ஆள், பெண் கணித ஆசிரியை, எனக்கு எல்லாம் பிடித்துப்போனது. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி, சாப்பிட்டு முடிந்து, ஆண்கள் எல்லாம் முன் அறையில் இருந்தோம். சம்பந்தி கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளைக்குச் சின்னதுல வயித்துல பெரிய ஆப்பரேஷன் ஒன்னு நடந்திச்சாமே. அதப்பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன், சம்பந்தி" என்றார். யாரோ சொல்லிவிட்டார்கள், எல்லாம் உடையப்போகிறது என்று நினைத்தேன். "அது ஹேர்னியா. முடிஞ்சுபோன விஷயம்" என்றேன். ஏழு வயதில் உனக்குச் சொன்ன அதே சொற்கள், ஓர் எழுத்து மாறவில்லை. நீ எனக்கு எதிரே இருந்தாய். சம்பந்தி கேட்டதுமே கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்திருந்தாய், இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாய். சம்பந்தி, "ஹேர்னியாவா, சரி சரி" என்று சொல்லி வாழைப்பழத் தட்டை நகர்த்தி வைத்தார். நீ அன்று பிற்பகலே பஸ் ஏறினாய்.

ஐந்தாவதைப் பற்றி நான் யோசித்தது இது. உன் பார்வையை நான் இப்படிப் படித்தேன்: அப்பா மறுபடியும் பொய் சொல்லிவிட்டார், இனி நானும் அந்தப் பொய்க்குள்தான் வாழ வேண்டும் என்று நீ கலங்கிவிட்டாய். நீயும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க மாட்டாய். தழும்பு கேள்வியானால் ஹேர்னியா என்றுதான் சொல்லியிருப்பாய். பதின்மூன்று வருடம் உனக்கு அதைத்தானே பழக்கினேன். கல்யாணமான பிறகு ஒருநாள் நீ நடுங்கிக்கொண்டு படுத்திருக்க, அந்தப் பெண் பெனடோலைத் தந்து போர்வையைப் போர்த்திவிட்டால் உன் உயிர் போகும். அந்தக் கொலை என் கணக்கில் சேரும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், சொல்ல வேண்டியவன் நான்.

இதுவரைக்கும் வெள்ளிக்கிழமை எழுதியது. சனிக்கிழமை காலை யட்டவத்தைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று, "அந்தத் தாள அவங்ககிட்ட குடுத்துட்டு வந்துறாதீங்க. வாயால சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

சம்பந்தி கடை முன்னால் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். தர்ஷினிக்குப் பாடசாலை இல்லாத நாள், அவளும் அங்கே இருந்தாள். என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் இருத்தி, பிளேன்டீ தந்தார்கள். நான் தாளை எடுத்து வாசித்தேன். வாயால்தான் சொன்னேன், ஆனால் தாளைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், இது பித்தக் குழாய் நோய், பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் காட்டினேன், பிந்தியது என்னால் என்று முடித்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்ஷினிதான் முதலில் பேசினாள். "மாமா, அவரு என்னோட கதைக்கத் தொடங்கின முதல் கிழமையே சொல்லிட்டாரு. அடுத்த கிளினிக் என்னைக்குன்னு நீங்க என்னத்தான் கேக்கணும்." தழும்பின் படத்தைக்கூட நீ அனுப்பியிருக்கிறாய், பார்த்துவிட்டுப் பஸ் ரூட் மாதிரி இருக்கிறது என்று பதில் போட்டதாகச் சொன்னாள். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சம்பந்திக்கும் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முந்தி நீ தனியாக வந்து, நான் அன்றைக்கு இருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இப்போதே சொன்னாலும் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்றேன். அவர் மகளைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள்.

"மருமகன்தான் கேக்கச் சொன்னாரு, சம்பந்தி. எங்கப்பா இத்தன வருசத்துல ஒரு நாளும் யாருகிட்டயும் வாயால சொன்னதில்ல, சொல்ல முடியாம உள்ளுக்கே கஷ்டப்படுறாரு, நீங்க சும்மா கேட்டீங்கன்னா சொல்லிருவாரு, அவருக்கும் பாரம் இறங்கும்னாரு."

அதற்கு மேல் அங்கே என்ன பேசினோம் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். ஹேர்னியா என்று சொல்லும் பழக்கம்தான் எனக்கு. ஒன்றுமில்லை, மகனைப் பற்றிய யோசனை என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். முதல் நாலும் சரி, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ஐந்தாவது பிழை. நீ மறைத்திருப்பாய் என்று எழுதினேன், என் பயம் உனக்கும் வந்திருக்கும் என்று எழுதினேன். அந்தக் கோப்பையை நீ கீழே வைத்தது கோபத்தினாலோ கலக்கத்தினாலோ அல்ல, என் வாயிலிருந்து உண்மை வரப்போகிறது, கையில் ஒன்றும் இல்லாமல் கேட்க வேண்டும் என்றுதான். இருபத்தேழு வருடம் உன்னைக் கவனித்து எழுதியவன், உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அந்த ஐந்தாவதை எழுதிவிட்டேன்.

அப்பா